டிராகனா, சம்மர் ஃபீல்ட்ஸா?

வடக்கு ஆக்ஸ்ஃபோர்டில் செர்வெல் ஆற்றை ஒட்டி, ஒரு மைல் சொச்சம் இடைவெளியில் டிராகன், சம்மர் ஃபீல்ட்ஸ் என்று பேர்போன இரண்டு பிரெப் ஸ்கூல்கள் இருக்கின்றன. இரண்டிலும் 13 வயதுவரைதான் படிப்பு. அதற்குப் பிறகு ஈட்டன், வின்செஸ்டர், ராட்லி என்று பெரிய பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிவிடுவதுதான் இவற்றின் தொழில். எங்கள் மகனை டிராகனில் சேர்த்தோம். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

படிப்பு, மைதானம், இசை, லத்தீன் எதிலும் இரண்டுமே குறை வைப்பதில்லை. அதையெல்லாம் வரிசை போட்டு ஒப்பிடுவதில் பலனில்லை. பள்ளி எப்படிப் பிறந்தது என்று பார்த்தாலே வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

மூத்தது சம்மர் ஃபீல்ட்ஸ், 1864-இல் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய ஆர்ச்சிபால்ட் மக்லாரனும் அவர் மனைவி கெர்ட்ரூடும் ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களுக்கு உடற்பயிற்சி முறையை வகுக்க நினைத்தபோது, 12 சார்ஜென்ட்களை இந்த மக்லாரனிடம்தான் அனுப்பியது. உடம்பு அவர் பொறுப்பு, படிப்பு அம்மையார் பொறுப்பு. பள்ளியின் லத்தீன் வாசகமும் நலமான உடலில் நலமான மனம் என்பதுதான். வீட்டோடு பையன்களைத் தங்கவைத்து வளர்த்த குடும்பப் பள்ளி என்பதால், போர்டிங்தான் அதன் முதுகெலும்பு. பிரதமர் ஹரால்ட் மேக்மில்லன், இந்திய வைஸ்ராய் வேவல் இருவரும் இங்கே படித்தவர்கள். ஈட்டனுக்கு ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொடுப்பதில் பழைய கை.

டிராகன் கதை வேறு. கல்லூரி ஆசிரியர்கள் பிரம்மச்சாரிகளாகவே இருக்க வேண்டும் என்ற பழைய விதி தளர்ந்துகொண்டிருந்த காலம். கல்யாணமாகி வடக்கு ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறிய அவர்களுக்குப் பிள்ளைகளைச் சேர்க்க ஒரு பள்ளி தேவைப்பட்டது. ஒரு குழுவாகச் சேர்ந்து 1877-இல் 14 பையன்களோடு தொடங்கினார்கள். குழுவில் ஜார்ஜ் என்று ஒருவர் இருந்தார். புராணக் கதையில் டிராகனைக் கொன்றவர் புனித ஜார்ஜ். ஜார்ஜ் இருந்தால் டிராகனும் இருக்க வேண்டுமே, அப்படி ஒட்டிக்கொண்டது பெயர். 1886-இல் தலைமையாசிரியரான சார்லஸ் லைனம் பாய்மரப் படகில் நார்வே வரை போய்வந்த ஆள். பிள்ளைகள் அவரை ‘ஸ்கிப்பர்’ (படகுத் தலைவர்) என்றே கூப்பிட்டார்கள். ஆசிரியர்களைப் பட்டப்பெயரால் அழைக்கும் வழக்கம் அந்தக் காலத்துச் சொத்து. சட்டதிட்டத்தில் இறுக்கம் குறைவு, சத்தம் அதிகம். தொடக்க காலத்திலேயே சில பெண்பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். எழுத்தாளர் நயோமி மிச்சிசன் அவர்களில் ஒருவர். இங்கேயே படித்த அவர் அண்ணன்தான் விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன், பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை பெற்று 1964-இல் புவனேஸ்வரில் காலமானவர். முழுமையாக இருபாலர் பள்ளியானது 1994-இல்.

எங்களுக்கு முடிவைத் தந்தது இந்தப் பிறப்புதான். ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்பதால் டிராகனில் டே ஸ்காலர் என்பவன் இரண்டாந்தரமில்லை. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளும் அங்கேயே தங்குகிறவர்களும் ஒரே வகுப்பில், ஒரே அணியில் இருக்கிறார்கள். விடுதிகளும் பெரும்பாலும் பக்கத்துத் தெரு வீடுகள்தான். 8 வயதில் டே ஸ்காலராகச் சேர்த்துவிட்டு, 10, 11 வயதில் பிள்ளையே கேட்டால், இடமும் இருந்தால், விடுதிக்கு மாற்றலாம். பள்ளி மாற வேண்டாம், நண்பர்களை இழக்க வேண்டாம். சம்மர் ஃபீல்ட்ஸிலும் டே ஸ்காலர்கள் உண்டு. ஆனால் சாயங்காலமும் சனி ஞாயிறும்தான் அங்கே பள்ளியின் உயிர். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போகிற பையன் பாதிக் கச்சேரியில் எழுந்து போகிறவன் மாதிரி.

என் மாமியார் போனில், “ஏன் மாப்ள, எட்டு வயசுப் புள்ளைய ஹாஸ்டல்லயா விடப்போறீங்க?” என்று கேட்டபோது, “இப்ப இல்ல அத்தை, அவன் கேட்டா பாக்கலாம்” என்று சொல்ல முடிந்தது. வாய்க்கு வந்த சமாதானம் இல்லை, அந்தப் பள்ளியில் அது நிஜமாகவே நடக்கும்.

பணக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20% வாட் வரி. முழு போர்டிங் கட்டணத்தின் மேல் 20% என்றால் தலை சுற்றும். டே கட்டணத்தின் மேல் என்றால் கொஞ்சம் முனகிவிட்டுக் கட்டலாம். மகளையும் பின்னால் அதே வாசலில் இறக்கிவிடலாம் என்பது கூடுதல் லாபம். நாங்கள் விசாரித்தபோது சம்மர் ஃபீல்ட்ஸ் பையன்களுக்கு மட்டும்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகன் இன்னும் டே ஸ்காலர்தான். விடுதி இரவுகளைப் பற்றி அவன் நண்பர்கள் சொல்லக் கேட்டதோடு சரி, அதில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெற்றோர் இருவருமே வெளிநாட்டில், முதல் நாளிலிருந்தே போர்டிங், மனதில் ஈட்டன் என்றால் சம்மர் ஃபீல்ட்ஸைத்தான் முதலில் போய்ப் பாருங்கள். பலரும் தங்கும் இடத்தில் பிள்ளை தனித்துத் தெரியமாட்டான். எங்கே சேர்த்தாலும், ஈட்டன் போன்ற பள்ளிகளின் முன்தேர்வு 6-ஆம் வகுப்பிலேயே (இங்கிலாந்தில் 10, 11 வயது) வந்துவிடும். பெயர்ப் பதிவு அதற்கும் முன்னால். அந்தத் தேதியைப் பிடித்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு விண்ணப்பியுங்கள்.