ட்ரெமோலோ ப்ளாக் மாத்த கிட்டார கடையில குடுக்கப் போறீங்களா, முன்னாடி இத படிச்சிடுங்க

கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க. 4,900 ரூபா போச்சு, அது கூட பரவால்ல, 2014-ல மொத சம்பளத்துல வாங்குன கிட்டார்ல உளிய வச்சு செதுக்கியிருக்காங்க, அத நினைச்சா இன்னும் வயிறு எரியுது. வேற யாருக்கும் இப்படி ஆகக்கூடாது.

என்னோடது ஸ்குவையர் அஃபினிட்டி ஸ்ட்ராட், அதாவது ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார்ல விலை குறைஞ்ச வகை. சர்ச் கொயர்ல வாராவாரம் வாசிக்கிறேன். ரொம்ப நாளாவே ஒரு குறை, நோட்டு சீக்கிரம் செத்துடுது, மேல் ஃப்ரெட்ல பிடிச்சா இன்னும் மோசம். ப்ளாக் மாத்திப் பாருன்னு நிறைய பேர் சொன்னாங்க. தெரியாதவங்களுக்கு: ஸ்ட்ராட்ல ஸ்ட்ரிங் எல்லாம் உக்காந்திருக்குற பிரிட்ஜுக்கு அடியில பாடிக்குள்ள தொங்குற உலோகக் கட்டிதான் ப்ளாக். பின்பக்கத்துல இருந்து ஸ்ட்ரிங் எல்லாம் அதுக்குள்ள நுழைஞ்சுதான் மேல வரும், அதோட அடியில ஸ்ப்ரிங் மாட்டியிருக்கும், ஸ்ட்ரிங் ஒரு பக்கம் இழுக்க ஸ்ப்ரிங் இன்னொரு பக்கம் இழுக்க நடுவுல இது நிக்குது. 1954-ல லியோ ஃபெண்டர் ஸ்ட்ராட்ட கொண்டுவந்தப்ப அது ஸ்டீல். 70-கள் ஆரம்பத்துல துத்தநாகக் கலவைய அச்சுல வார்த்து போட ஆரம்பிச்சாங்க, விலை குறைஞ்ச கிட்டார்ல இன்னைக்கும் பெரும்பாலும் அதான் இருக்கு. (ப்ளாக்ல மாட்டுற பார்ங்கிற கம்பிய அமுக்கி சுருதிய ஆட்டுற இந்த அமைப்புக்கு ட்ரெமோலோன்னு பேர் வச்சதே தப்பு, ட்ரெமோலோன்னா சத்தம் ஏறி இறங்குறது, இது சுருதிய ஆட்டுறது, ஆனா அந்தப் பேரே நிலைச்சுடுச்சு.)

சென்னையில ஒரு கடை, பேரு வேணாம். போனதும் மஞ்சளா பளபளன்னு ஒரு ப்ளாக்க எடுத்து கையில குடுத்தாரு. "சாலிட் ப்ராஸ் தம்பி, மாத்திப் பாருங்க, மணி அடிச்ச மாதிரி நிக்கும்"னாரு. விலை 3,700, மாட்டுறதுக்கு 1,200. நான் கேட்டேன், "அண்ணா என் கிட்டார் பாடி கொஞ்சம் மெல்லிசு, இது உள்ள போகுமா?" "ஸ்ட்ராட்னா எல்லாம் ஒரே அளவுதான் தம்பி, நாங்க பாத்துக்குறோம், நீங்க போய்ட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாரு. அந்த எடத்துலயே நான் ஸ்கேல எடுத்து வைக்கச் சொல்லியிருக்கணும். ஜிபே பண்ணேன், பில்லு கேட்டதுக்கு ஒரு துண்டுச்சீட்டுல தொகைய மட்டும் எழுதிக் குடுத்தாரு.

ஒரு வாரம் கழிச்சு கிட்டார் வந்துச்சு. வீட்டுக்கு வந்து ஆம்ப்ல சொருகினா ஒரே ஹம், ஸ்ட்ரிங்க தொட்டாலும் நிக்கல. பின்னாடி திருப்பிப் பாத்தா மூடி இல்ல, அத கழட்டி பேக் பாக்கெட்டுல போட்டிருக்காங்க, ஏன்னா மூடவே முடியாது, ப்ளாக் பாடிய விட்டு வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. அளந்தேன். பாடி கனம் 40 மி.மீ., புது ப்ளாக் உயரம் 42. முழு சைஸ் ஸ்ட்ராட் பாடி ஒண்ணேமுக்கால் இஞ்ச், அதாவது 44, 45 மி.மீ. வரும், அதுக்கான ப்ளாக்க கொண்டுவந்து இதுல திணிச்சிருக்காங்க. பார் கம்பிய அமுக்குனா ப்ளாக்கோட அடிப்பக்கம் வால் பக்கமா நகரும், அங்க இடிச்சிருக்கு போல, அந்த சுவர உளியால கொத்தி எடுத்திருக்காங்க, பின்பக்க பெயிண்ட் ஓரம் சில்லு சில்லா பேந்து போயிருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஸ்ப்ரிங் மாட்டுற க்ளாவுல சால்டர் பண்ணியிருந்த எர்த் வயர் அறுந்து தொங்குது, ஹம்முக்கு அதான் காரணம்.

அதோட முடியல. பிரிட்ஜ் ப்ளேட்டையும் ப்ளாக்கையும் மூணு ஸ்க்ரூ சேத்துப் பிடிக்கணும், ஓட்டை ஒத்து வரலன்னு ரெண்டுதான் போட்டிருக்காங்க. ஸ்ட்ரிங் இடைவெளியும் வேற: என் ப்ளேட்டுல ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல 10.8 மி.மீ., அந்த ப்ளாக்ல 10.5. கேக்க சின்ன வித்தியாசம்தான், ஆனா ஓரத்துல இருக்குற ரெண்டு ஸ்ட்ரிங்கும் ப்ளேட் ஓட்டையோட விளிம்புல உரசுது, மூணு நாள்ல ரெண்டு தடவ சின்ன ஈ, அதாவது இருக்குறதுலயே மெல்லிசான ஸ்ட்ரிங், அறுந்துச்சு. பாரோட மரையும் அப்படித்தான், என்னோடது மெட்ரிக் அளவு எம்6, ப்ளாக்ல இருந்தது அமெரிக்க அளவு 10-32, அதனால கையாலயே பெருசா ஓட்டை போட்டு புது மரை வெட்டியிருக்காங்க, அதுவும் சாய்வா, பார் ஒரு பக்கமா படுத்துக்கிட்டு லொடலொடன்னு ஆடுது.

எனக்கு சந்தேகம் வந்ததே அந்த மரைய பாத்துதான். உள்ள வெள்ளையா இருந்துச்சு. அந்த வாரம் கும்பகோணம் போக வேண்டியிருந்துச்சு, எங்க மாமா அங்க பித்தளைப் பாத்திர வேலைதான், முப்பது வருஷமா. ப்ளாக்க கழட்டி எடுத்துட்டுப் போனேன். கையில வாங்கித் தூக்கிப் பாத்துட்டு ஒண்ணும் பேசல, அரத்த எடுத்து ஒரு மூலைய ரெண்டு இழுப்பு இழுத்தாரு. மஞ்சள் போச்சு, சாம்பல் நிறம் வந்துடுச்சு. "மாப்ள, இது பித்தளை இல்லடா, நாகத்த வார்த்து மேல முலாம் பூசியிருக்கான்"னாரு. நாகம்னா துத்தநாகம்தான்.

அரம் போட மனசு வராதவங்க இப்படி பண்ணலாம், நான் வீட்டுக்கு வந்து பண்ணிப் பாத்தேன். கிச்சன் தராசுல ப்ளாக்க எடை போடுங்க, எனக்கு 248 கிராம். அப்புறம் ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி தராசுல வச்சு ஜீரோ பண்ணிட்டு, ப்ளாக்க நூல்ல கட்டி அடியில, ஓரத்துல எங்கயும் தொடாம முழுசா முங்க விடுங்க, ஓட்டைக்குள்ள காத்துக் குமிழ் நிக்காம தட்டி விட்டுடுங்க. இப்ப தராசு காட்டுறது அந்தக் கட்டி விலக்குன தண்ணியோட எடை, எனக்கு 37. 248-அ 37-ஆல வகுத்தா 6.7. பித்தளைன்னா 8.5 பக்கம் வரணும், ஸ்டீல்னா 7.8, துத்தநாகக் கலவைதான் 6.7 கிட்ட நிக்கும். ஸ்டீல்னு சொல்லி வித்தா காந்தம் ஒண்ணு போதும், ஒட்டலன்னா அங்கயே திருப்பிக் குடுத்துடுங்க. பித்தளையிலயும் நாகத்துலயும் காந்தம் ஒட்டாது, அதனாலதான் அந்த ரெண்டையும் மாத்தி விக்கிறது சுலபமா இருக்கு.

ஆக நான் காசு குடுத்து துத்தநாகத்த கழட்டி துத்தநாகத்தையே மாட்டிக்கிட்டு வந்திருக்கேன், அதுவும் அளவு சேராதது.

கடைக்குப் போனேன். மாட்டுன பொருள் ரிட்டன் கிடையாதுன்னுட்டாங்க. அரம் போட்ட எடத்த காட்டினேன், "எங்களுக்கு ப்ராஸ்னுதான் வருது தம்பி, நாங்க என்ன பண்றது"ன்னாரு. சரி என் பழைய ப்ளாக்கயாவது குடுங்கன்னா, ஸ்க்ராப்ல போயிருக்கும்னு சொல்றாங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு கூப்ட்டேன், முதல்ல கேட்டதே பில் இருக்கான்னு. துண்டுச்சீட்டுல கடை பேரு கூட இல்ல. ஜிபே ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான் கையில இருக்கு, அத வச்சு புகார் குடுத்திருக்கேன்.

கொயர்ல பேஸ் வாசிக்கிற அண்ணன் ஒரு ரிப்பேர்காரர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு, வீட்டுலயே வேலை பாக்குறவரு. அவரு விலைய பத்திப் பேசல, மொதல்ல வெர்னியர எடுத்து பாடி கனம், பழைய ப்ளேட்டோட ஸ்க்ரூ ஓட்டை, ஸ்ட்ரிங் இடைவெளி, பாரோட மரை நாலையும் அளந்து ஒரு பேப்பர்ல எழுதி அதுக்கப்புறம்தான் ப்ளாக் தேடுனாரு. 36 மி.மீ. உயரத்துல ஸ்டீல் கெடைச்சுது, மூணு ஸ்க்ரூவும் உக்காந்துச்சு, மூடியும் மூடுது, எர்த் வயர திரும்ப சால்டர் பண்ணிக் குடுத்தாரு. சவுண்ட் எப்படின்னு கேட்டா, கீழ் ஸ்ட்ரிங் தெளிவா இருக்கு, நோட்டு முன்ன விட கொஞ்சம் நீளமா நிக்குது, அவ்வளவுதான். ஆகா ஓகோன்னு மாறும்னு கடையில சொல்றத நம்பி யாரும் போகாதீங்க, ஆனா பிரிட்ஜ் ஆடாம இறுக்கமா நிக்கிறதே எனக்கு நிம்மதியா இருக்கு.

கொத்துன சுவர மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சாச்சு, பின்பக்க பெயிண்ட் அப்படியேதான் இருக்கு. பழைய ப்ளாக்க போன சனிக்கிழமை கூட போய் கேட்டேன், இன்னும் தரல.