பவர் போட்ட சேஃப்டி கண்ணாடி: காசுக்குத் தகுமா?

கோவை கணபதிப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் லேத்தும் (கடைசல் இயந்திரம்) கிரைண்டிங்கும் பார்க்கிறேன். கிட்டப்பார்வை மைனஸ் 2.75, கூடவே கொஞ்சம் சிலிண்டர் (கண்ணின் வளைவுக் கோணலுக்கான பவர்), நாற்பதைத் தாண்டியதும் சாளேஸ்வரம் என்ற வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டது. என்னைப் போன்றவர்களுக்குப் பட்டறையில் பெட்டியோடு வாங்கி வைக்கும் மலிவு சேஃப்டி கண்ணாடி சரிப்படாது. அதை மாட்ட வேண்டுமென்றால் பவர் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், கழற்றினால் லேத்தின் சக்கில் (பிடியில்) சுற்றும் ஜாப், அதாவது செதுக்கும் துண்டு, மங்கல், அளக்கும் வெர்னியரை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால்தான் கோடு தெரியும்.

இதற்கு மாற்றாகக் கண்ணாடி மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய வகை ஒன்று உண்டு. அதைத்தான் பல வருஷம் போட்டேன். இரண்டு லென்ஸ், நாலு பரப்பு, எதில் கூலன்ட் தெறித்திருக்கிறது, எதில் வேர்வை ஆவி பிடித்திருக்கிறது என்றே தெரியாது. சித்திரை மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழே அரை மணி நேரம் தாங்காது, தானாக நெற்றிக்கு ஏறிவிடும். நெற்றியில் இருக்கும் கண்ணாடி எந்தக் கண்ணைக் காப்பாற்றும்? இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டினால் சீக்கிரமே அதைச் சுற்றித் துரு வளையம் கட்டிவிடும், துகளை எடுத்த பிறகு டாக்டர் அதையும் தனியாகச் சுரண்ட வேண்டும். எங்கள் பட்டறையில் இது நடக்காத வருஷம் கிடையாது.

சரி, பவரையே சேஃப்டி லென்ஸில் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். காந்திபுரத்தில் ஒரு ஆப்டிகல்ஸில் ஆர்டர் கொடுத்தேன், பெயர் வேண்டாம். "பாலிகார்பனேட்டுங்கண்ணா, சுத்தியல்ல அடிச்சாலும் உடையாதுங்க" என்றார் கவுன்டரில் இருந்த தம்பி. வந்ததும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஃபிரேமில் முத்திரை இருந்தது, லென்ஸில் ஒன்றும் இல்லை. முன்பக்கமிருந்து கட்டை விரலால் கொஞ்சம் அழுத்தினேன், லென்ஸ் டக்கென்று உள்பக்கமாகக் கழன்று கையில் விழுந்தது. ஒரு துண்டு பறந்து வந்து அடித்திருந்தால் துண்டோடு சேர்த்து லென்ஸும் கண்ணுக்குள் போயிருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டேன், முன்பணத்தில் பாதிதான் கிடைத்தது.

வாங்கப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பாலிகார்பனேட் என்பது ஒரு பிளாஸ்டிக் பொருளின் பெயர்தான், தினமும் போடும் கண்ணாடிக்கும் அதே பொருளில் மெல்லியதாக வெட்டித் தருகிறார்கள். சேஃப்டி என்றால் லென்ஸ், ஃபிரேம் இரண்டிலும் அடையாளம் இருக்க வேண்டும். அமெரிக்கத் தரப்படி வருவதென்றால் ஃபிரேமில் இசட்87-2 என்று இருக்கும், அந்த 2 பவர் கண்ணாடிக்கானது. வேகமாகத் தெறிப்பதைத் தாங்கும் வகையென்றால் பின்னால் ஒரு பிளஸ் குறியும் உண்டு. லென்ஸின் மூலையில் தயாரிப்பாளரின் முத்திரையும் பிளஸ்ஸும் நகக்கண் அளவுக்குக்கூட இல்லாமல் பொறித்திருப்பார்கள், வாயால் ஊதி ஆவி பிடிக்க வைத்தால் தெரியும். இந்த வகை லென்ஸ் குறைந்தது 2 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். சோதனையில் 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் அடிக்கிறார்கள், அதாவது மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல். அரைக் கிலோ எடையுள்ள கூர்முனைக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டும் பார்க்கிறார்கள். நம் நாட்டில் கண் காப்புக்கு ஐ.எஸ். 5983 என்ற தரம் இருக்கிறது. கடைக்காரரிடம் இதையெல்லாம் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். முழித்தால் வேறு கடை பாருங்கள்.

இப்போது நான் போட்டிருப்பது பட்டறைகளுக்குக் கையுறை, ஷூ எல்லாம் சப்ளை செய்யும் ஒரு டீலர் மூலமாக வந்தது. பவர் சீட்டையும் இரண்டு கண் பாப்பாவுக்கும் நடுவிலுள்ள தூரத்தையும் வாங்கி லேபுக்கு அனுப்பிச் செய்து தருகிறார். பைஃபோகல் (மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர்), ஹார்டு கோட்டிங், ஆவி பிடிக்காத கோட்டிங், சைட் ஷீல்டு சேர்த்து 3,600 ரூபாய். முகத்தைச் சுற்றி வளைந்த ஸ்டைல் ஃபிரேமும் காட்டினார். பார்க்க ஜோராக இருந்தாலும் அவ்வளவு வளைவில் என் பவரைப் போட்டால் ஓரத்தில் கோடு வளைந்து தெரியும் என்று அவரே சொல்லிவிட்டார், நேரான ஃபிரேமில் பக்கத் தடுப்பு வைத்ததை எடுத்தேன். வியாபாரியிடம் அந்த நேர்மை பிடித்திருந்தது.

லென்ஸ் தெளிவு? நேராகப் பார்த்தால் குறை இல்லை. ஓரக்கண்ணால் ட்யூப்லைட்டைப் பார்த்தால் விளிம்பில் லேசாக நீலமும் மஞ்சளும் பிரியும். பாலிகார்பனேட்டின் பிறவிக் குணம் அது, ஒளியைச் சிதறடிப்பது சாதா பிளாஸ்டிக் லென்ஸைவிட அதிகம். அது தொல்லையாகத் தெரிகிறவர்கள் ட்ரைவெக்ஸ் என்ற வேறு பிளாஸ்டிக்கைக் கேட்கலாம், தெளிவு கூடுதல், எடையும் குறைவு, விலைதான் ஏறும். எனக்குச் சில நாளில் பழகிவிட்டது.

பைஃபோகல்தான் பெரிய விஷயம். கண் பரிசோதனையில் கிட்டத்துப் பவரைப் பேப்பர் படிக்கும் தூரத்துக்குத்தான் பார்ப்பார்கள். லேத்தில் ஜாப் இருப்பது இரண்டு அடிக்கு மேல், மைக்ரோமீட்டர் படிப்பது ஒன்றேகால் அடியில். இன்ச் டேப்பை எடுத்துப் போய் இந்த இரண்டு தூரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள், பரிசோதிப்பவரிடம் "இந்த இடத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்" என்று சொல்லுங்கள். சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரம்) பார்க்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, திரை கண்ணுக்கு நேராகவோ மேலேயோ இருக்கும், படிக்கும் பவரோ லென்ஸின் அடியில் இருக்கும், நாள் முழுக்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அவர்கள் திரை தூரத்துக்கு ஒரே பவராகப் போட்டுக்கொள்வது நல்லது என்பேன்.

யாரும் சொல்லாத ஒரு குறை. டி-பைஃபோகலில் (கீழ்ப் பவர் டி எழுத்து வடிவில் பதிந்த வகை) மேல் பவரும் கீழ்ப் பவரும் சேரும் இடத்தில் மெல்லிய படி இருக்கும். சாயங்காலம் பார்த்தால் அந்தப் படி நீளத்துக்கும் கிரைண்டிங் தூசி எண்ணெயோடு சேர்ந்து கண்ணுக்கு மை தீட்டியது போலக் கறுப்பாகப் படிந்திருக்கும். அதைத் துணியால் தேய்த்தால் போச்சு. பாலிகார்பனேட் லேசில் உடையாதே தவிர எளிதாகக் கீறும், மேலே இருக்கும் ஹார்டு கோட்டிங்தான் காப்பு. குழாய்த் தண்ணீரில் தூசியை ஓடவிட்டு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போட்டு விரலால் தடவிக் கழுவி, அப்புறம்தான் துணி. பெயின்ட் தின்னர், அசிட்டோன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், லென்ஸ் வெளுத்து வெடிப்பு விட்டுவிடும். பனியன் வேஸ்டில் (கழிவுத் துணியில்) துடைக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மாதத்தில் 3,600 ரூபாய் காலி.

ஏஜி4 மெஷின், அதாவது 4 இன்ச் டிஸ்க் மாட்டிய கை கிரைண்டர் பிடிப்பவர்கள் இது ஒன்றே போதும் என்று நினைக்கக் கூடாது. 4 இன்ச் டிஸ்க் 11,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 57 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, மேலே சொன்ன சோதனை வேகத்தைவிட அதிகம். பொறித் துகள் அணுவளவுதான், லென்ஸ் தாங்கும். டிஸ்க் உடைந்து துண்டாகப் பறந்தால் கண்ணை மட்டும் மறைத்து என்ன செய்வது, மூக்கும் கன்னமும் இருக்கிறதே. மேலே முகம் முழுவதையும் மறைக்கும் கவசமும் போட வேண்டும். ஆசிட் ஊற்றும் வேலைக்கும் இது ஆகாது, முகத்தோடு ஒட்டி மூடும் காகிள்ஸ்தான் சரி. வெல்டிங் ஒளியை இதோடு பார்க்கவே கூடாது.

நல்லது என்று சொன்னால், காலையில் மாட்டினால் டீக்கும் சாப்பாட்டுக்கும்தான் கழற்றுகிறேன். ஆவி பிடிப்பது வெகுவாகக் குறைந்தது, முகமூடி போட்டால் மட்டும் கொஞ்சம் வரும். காதுக்குப் பின்னால் அழுத்தமில்லை. வெர்னியரைப் பார்க்க எதையும் தூக்க வேண்டியதில்லை, அதனாலேயே கண்ணாடி கண் மேல் இருக்கிறது.

காசு விஷயம். முதலாளி பாதி கொடுத்தார், அதுவும் கேட்டுத்தான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 35ஆவது பிரிவு கண் பாதுகாப்புக்கென்று எழுதப்பட்டது. சட்டப்படி தர வேண்டிய சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வசூலிக்கக் கூடாது என்று 114ஆவது பிரிவு சொன்னது. பவர் கண்ணாடி என்று தனியாக எழுதவில்லை, அந்த இடைவெளியில்தான் முதலாளிகள் நழுவுகிறார்கள். பவர் மாறினால் மறுபடி செலவு என்பதால் புதிதாகக் கண் பரிசோதனை செய்துவிட்டே ஆர்டர் கொடுங்கள், பழைய சீட்டு வேண்டாம்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது சைட் ஷீல்டுக்காக. வலது பக்கத்துத் தடுப்பு சீக்கிரமே மங்கிப்போனது, அதை மட்டும் தனியாகக் கேட்டால் முழு ஃபிரேமாகத்தான் தருவார்களாம். இவ்வளவு காசு வாங்குகிறவர்கள் ஒரு ஜோடி பிளாஸ்டிக் தடுப்பை ஸ்பேராக வைத்திருக்கக் கூடாதா?