மாட்டுத்தாவணி பக்கம் ஒரு லாட்ஜ்: வெந்நீருக்கு நாலு ஸ்டார், ரிசப்ஷனுக்கு ஒன்று

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஏசி இல்லாத சிங்கிள் ரூம் 900 ரூபாய். படுக்கை விரிப்பில் சலவை வாசனை, பாசி பிடிக்காத பக்கெட், குழாயைத் திறந்ததும் வெந்நீர். மதுரையில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இந்த வாடகைக்கு இது பெரிய விஷயம்.

வம்பெல்லாம் ரிசப்ஷனில்தான். ஆஸ்பத்திரி லேப்களில் ரத்தப் பரிசோதனை மெஷின் சர்வீஸ் செய்கிறவள் நான். அன்று வேலை முடிய ராத்திரி பத்தரை ஆகிவிட்டது. ஆதாரையும் கம்பெனி ஐடி கார்டையும் நீட்டினேன். மேனேஜர் அதைத் தொடவே இல்லை, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். “சிங்கிள் லேடீஸுக்கு ரூம் கொடுக்கிறதில்லம்மா. கூட யாரும் வரலையா?” டூல் பேக்கைத் திறந்து ஸ்க்ரூ டிரைவர் செட்டைக் காட்டிய பிறகும், “வீட்டுக்காரர் நம்பர் கொடுங்க, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்” என்கிறார். எனக்கு வயது 41.

இதைக் கேட்கும்போது அவர் விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலேயே ‘இங்கு புகைபிடிப்பது குற்றம், அபராதம் 200 ரூபாய்’ என்று போர்டு. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 30 அறை உள்ள பெரிய ஹோட்டல்கூட புகைக்கத் தனி இடம் ஒதுக்கலாமே தவிர, ரிசப்ஷனில் ஊத முடியாது. சோபாவில் இருந்த நாலு பேரில் ஒருத்தரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. ஏற இறங்கப் பார்த்ததெல்லாம் என்னைத்தான். குற்றம் செய்கிறவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், நான் நின்றுகொண்டு விளக்கம் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் வந்த ஒரு ஜோடியை, கல்யாண சர்ட்டிஃபிகேட் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் லாட்ஜ், அவர் இஷ்டம். ஆனால் சொன்ன காரணம், “சட்டப்படி தப்பு.” இல்லவே இல்லை. கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் கல்யாணமாகாத ஜோடி தங்கியிருந்ததையும், இன்னொரு அறையில் மதுபாட்டில் இருந்ததையும் சொல்லி அதிகாரிகள் சீல் வைத்தார்கள். வயது வந்த ஆணும் பெண்ணும் அப்படி அறையெடுத்துத் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, சீலை எடுக்க உத்தரவிட்டது. நாலு பேர் முகம் சுளிப்பது வேறு, கேஸ் போடுவது வேறு. இதைச் சொன்னால், “தீர்ப்பெல்லாம் சரிம்மா, ரெய்டுன்னு வந்து நின்னா யார் பதில் சொல்றது?” என்றார். அந்தப் பயத்தை மட்டும் என்னால் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை.

கடைசியில் லேப் இன்சார்ஜ் சார் போனில் பேசிய பிறகுதான் சாவி கிடைத்தது. காலையில் பில் கேட்டால் ஒரு துண்டுச்சீட்டு, அது எங்கள் ஆபீஸில் பாஸ் ஆகாது. சரியான பில் கேட்டதற்கும் முறைப்பு எனக்குத்தான்.

தனியாகப் போகிற பெண்கள் முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ரூம் கிடைத்தால் பின்பக்கமாகக் கேட்டு வாங்குங்கள், ரோட்டுப் பக்கம் விடிய விடிய பஸ் ஹாரன்.