கொடுவாவுக்கும் சீலாவுக்கும் ஒரே அளவு இரை பொருந்துமா?

முகத்துவாரத்தில் தூண்டில் போடச் செல்பவர்கள், கொடுவாவைக் குறிவைப்பதா சீலாவைக் குறிவைப்பதா என்று தயங்கும்போது, இரையின் அளவை வாயின் அமைப்பே தீர்மானிக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வாய்: கொடுவா அகன்ற வாயைச் சட்டென்று திறந்து, நீரோடு சேர்த்து இரையை முழுதாக உறிஞ்சி விழுங்குகிறது.
சீலா கத்தி போன்ற பற்களால் இரையை வெட்டித் துண்டுகளாகத் தின்ன வல்லது.

இரையின் அளவு: விழுங்கும் மீனுக்கு வாயின் அகலமே எல்லை. ஆயினும் அந்த எல்லை சிறியதன்று; கொடுவாக் குஞ்சுகள் தம் நீளத்தில் பாதிக்கும் மேலான உடன்பிறப்புகளையே விழுங்கிவிடுவதால்தான் வளர்ப்புப் பண்ணைகளில் அவற்றை அளவுவாரியாக அடிக்கடி பிரித்து வைக்கிறார்கள்.
சீலாவுக்கு அந்தத் தடை இல்லை. வாய்க்குள் அடங்காத மீனையும் இரண்டாக வெட்டிவிட்டு, திரும்பி வந்து துண்டுகளைப் பொறுக்கும். வாலை மட்டும் இழந்த இரைமீன் தூண்டிலில் மிஞ்சுவது இதனால்தான்.

வேட்டை: கொடுவா அலையாத்தி வேர்களின் நிழலில், பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் பதுங்கியிருக்கும்.
சீலா பகல் வெளிச்சத்தில் கண்ணை நம்பிப் பாயும்; பளபளப்புக்கு எளிதில் ஏமாறும்.

தூண்டில் நரம்பு: கொடுவாவின் செவுள்மூடி கூர்மையானதால் தடித்த நரம்பு வேண்டும், சீலாவின் பற்களுக்கு ஈடுகொடுக்க, தூண்டில்முள்ளுக்கு முன்னே கட்டும் உலோக முன்கம்பி இன்றியமையாதது.

மாலையில் கழிமுகத்தில் அமர்பவருக்கு, உயிருள்ள இறாலும் சிறு மடவையும் கொண்டு கொடுவாவை நாடுவதே ஏற்றது. பகலில் படகில் செல்பவர் சீலாவைத் தேடலாம். நீண்ட இரைமீனின் வாலருகே இரண்டாவது முள்ளைக் கட்டுவது நல்லது.