சவுண்ட் புரூஃப்னு சொல்லி ஃபோம் ஒட்டிட்டுப் போனவர்: மண்டபம் கட்டறவங்க ஒரு தடவை படிச்சிடுங்க

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம், எங்க தென்னந்தோப்பு ஓரத்துல நானும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபம் கட்டினோம். 100 அடி நீளம், 60 அடி அகலம், 22 அடி உயரம். சுத்தி 9 இஞ்ச் செங்கல் சுவர், மேல தகர ஷீட், காத்துக்காகக் கூரைக்குக் கீழ சுத்திலும் ஜாளி. கிரானைட் தரை, கண்ணாடிக் கதவு. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.

முதல் விசேஷம் எங்க அத்தை பேத்தி நிச்சயதார்த்தம். மைக்குல லக்னப் பத்திரிகை வாசிக்கிறாங்க, மாப்பிள்ளை பேரு யாருக்கும் விளங்கலை. முன்வரிசையில ஒரு பெரியவர் இருமினார், அந்த இருமல் கூரையில சுத்திட்டு அடங்கவே நேரம் ஆச்சு. சாயங்காலம் கானமேளா, அதான் பாட்டுக் கச்சேரி. பக்கத்து வீட்டுல ரிட்டயர்ட் மலையாள மாஷ் (வாத்தியார்) இருக்கார். மறுநாள் காலையில கேட்டுக்கே வந்துட்டார். "மோனே, எனிக்கு உறங்கண்டே?" நான் தூங்க வேண்டாமான்னு கேக்கறார். கோபமாக்கூட கேக்கலை, அதுதான் சங்கடம். ரெண்டாவது விசேஷத்துக்கு அப்புறம் பஞ்சாயத்துல புகார் போச்சு.

அப்பத்தான் இந்த ஆள் வந்தார். பேர் போடலை, போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும். விசிட்டிங் கார்டுல 'அக்கூஸ்டிக் கன்சல்டன்ட்'னு இருந்துச்சு. வந்தார், ரெண்டு தடவை கை தட்டிப் பார்த்தார், "ஒரு துளிச் சத்தம் வெளிய போகாதுங்ணா, உள்ள எக்கோவும் இருக்காது"ன்னார். ஒரு பிரவுச்சரைக் காட்டி, என்ஆர்சி (ஒரு பொருள் சத்தத்தை எவ்வளவு உறிஞ்சும்கிற எண்) 0.9ன்னா 90 சதவீதம் சத்தம் சுவருலயே நின்னுடும்னு விளக்கம் வேற. கையில எந்த மீட்டரும் இல்லை. மாஷ் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. ரிப்போர்ட்னு கொடுத்தது ஒரே பக்கம், அதுலயும் பாதி கொட்டேஷன். நானும் கையெழுத்துப் போட்டேன்.

முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமா இருக்கிற கறுப்பு ஃபோம், 900 சதுர அடி. ரெண்டே நாள்ல ஒட்டி முடிச்சாங்க. எதுவரைக்கும் ஒட்டினாங்க தெரியுமா? ஜாளிக்கு ஒரு அடி கீழ வரைக்கும். ஜாளி திறந்தபடியே இருந்துச்சு. நானும் கூடவே நின்னு டீ வாங்கிக் கொடுத்துட்டு இருந்தேன்.

அடுத்த கானமேளாவுக்கும் மாஷ் தூங்கலை. போன் பண்ணினா, "இன்னும் 1,500 சதுர அடி ஒட்டணுங்ணா"ங்கிறார். அதுக்கப்புறம் போனே எடுக்கறதில்லை.

கடைசியா கோயமுத்தூர்லேர்ந்து வேற ஒருத்தரைக் கூப்பிட்டோம். இவர் எதையும் விக்கிறவர் இல்லை, அளந்து சொல்றதுக்கு மட்டும் ஃபீஸ். வந்ததும் ஃபேன், ஏசி எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னார். பெரிய பலூன் ஒண்ணை ஊதி, நடுமண்டபத்துல நின்னு ஊசியால குத்தினார். படார்! அப்புறம் அடியில ஊம்ம்ம்னு ஒரு இரைச்சல், பம்ப்செட் ரூம் மாதிரி. அவரோட மீட்டர்ல கீச்சுச் சத்தம் அடங்க 2.5 நொடி, அடிச் சத்தம் அடங்க 4 நொடி. பேச்சு விளங்கணும்னா இவ்வளவு பெரிய கூடத்துல ஒன்றரை நொடிக்குள்ள அடங்கணுமாம்.

அங்கேயே ஒரு தாள்ல கணக்குப் போட்டுக் காட்டினார். கன அளவு சுமார் 3,700 கன மீட்டர், அதை 0.161 ஆல பெருக்கி, மண்டபத்துல இருக்கிற மொத்த உறிஞ்சலால வகுத்தா, சத்தம் அடங்கற நேரம் நொடியில வந்துடும். சாபின்னு ஒரு அமெரிக்க வாத்தியார் கண்டுபிடிச்ச கணக்கு. 1895ல ஹார்வர்டுல ஒரு விரிவுரைக் கூடத்துல பேச்சு விளங்கலைன்னு அவர்கிட்ட விட்டாங்களாம். பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தையை எல்லாம் ராத்திரியில தூக்கிட்டு வந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்க விட்டு, சத்தம் அடங்கற நேரத்தை எண்ணியே கண்டுபிடிச்சிருக்கார். நம்ம ஆளு ரெண்டு கைத்தட்டுல முடிச்சுட்டார்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உறிஞ்சறது வேற, தடுக்கறது வேற. ஃபோம் மண்டபத்துக்குள்ள திரும்புற சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், வெளிய போறதைத் தடுக்காது. தடுக்கறதுக்குக் கனம் வேணும். எங்க சுவர் கனம்தான், ஆனா தகர ஷீட் சதுர மீட்டருக்கு 5 கிலோகூட வராது. அப்புறம் ஓட்டை. 50 டெசிபெல் தடுக்கிற சுவர்ல நூத்துல ஒரு பங்கு திறந்திருந்தாலே, அந்தச் சுவர் மொத்தமா தடுக்கறது 20 டெசிபெல்தான். எங்க ஜாளி நூத்துல ஒண்ணா? நாலு பக்கமும் ஓடுது!

அந்த 0.9 கதையும் கோயமுத்தூர்க்காரர்தான் உடைச்சார். என்ஆர்சிங்கிறது 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ்ல உறிஞ்சறதோட சராசரி. தவுலோட தொப்பிப் பக்கமும் கானமேளா பேஸும் அதுக்குக் கீழ. அங்க இந்த ஃபோம் சும்மா.

மண்டபத்துல ஸ்பீக்கரை ஓடவிட்டு மாஷ் திண்ணையில அளந்தப்ப 67 டெசிபெல். 2000ம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55, ராத்திரி 10 மணியிலேர்ந்து காலை 6 வரைக்கும் 45. மாஷ் மேல ஒரு தப்பும் இல்லை.

எனக்கு வயித்தைக் கலக்கினது வேற. அவர் ஃபோம்ல ஒரு துண்டு வெட்டி, வெளிய கொண்டுபோய், இடுக்கியில பிடிச்சு லைட்டரைக் காட்டினார். அஞ்சு நொடிகூட ஆகலை, சொட்டுச் சொட்டா எரிஞ்சு விழுது, கரும்புகை. 2003ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஒரு கிளப்புல மேடை வாணவேடிக்கைத் தீப்பொறி இந்த மாதிரி பாலியூரித்தேன் ஃபோம்ல பிடிச்சு 100 பேர் செத்திருக்காங்க. எங்க மணமேடைக்குப் பின்னாடியும் இதே ஃபோம்தான், முன்னாடி ஓமகுண்டம். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

கன்சல்டன்ட்னு யாராச்சும் வந்தா நான் இப்ப முதல்ல கேக்கறது, "நீங்க ஃபோம், போர்டு ஏதாச்சும் விக்கறீங்களா?" விக்கிறவர்னா அளக்கறதுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன். அளந்த நம்பர் இல்லாத ரிப்போர்ட்டுக்குக் காசு இல்லை. வேலை முடிஞ்சதும் இதே இடத்துல மறுபடி அளந்து காட்டினாத்தான் கடைசித் தவணை. தீப்பிடிக்கிற டெஸ்ட் சர்டிபிகேட்டையும் கேளுங்க. எல்லாத்துக்கும் மேல, பிளான் போடும்போதே கூப்பிடுங்க. எங்க இன்ஜினியர் "மண்டபத்துக்கு எதுக்குங்க அதெல்லாம்"னார். ஜாளியை எந்தப் பக்கம் வைக்கணும், ஜெனரேட்டரை எங்க நிறுத்தணும்கிறதெல்லாம் பேப்பர்ல ரப்பர் வெச்சு அழிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். இப்ப உளி வெச்சு உடைக்கிறோம்.

மாஷ் வீட்டுப் பக்க ஜாளியைச் செங்கல் வெச்சு அடைச்சாச்சு, காத்துக்கு உள்ள கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வெச்ச டக்ட். ஷீட்டுக்குக் கீழ இடைவெளி விட்டு ஜிப்சம் போர்டு, அதுக்கும் கீழ கிளாஸ் வூலும் துளை போட்ட போர்டும் தொங்குது. வேலை முக்கால்வாசி முடிஞ்சிருக்கு, சித்தப்பா இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை. கழட்டின ஃபோம் பதினோரு மூட்டை தோட்டத்துச் சாளையில கிடக்கு. சும்மா கொடுங்கன்னு ரெண்டு பேர் கேட்டாங்க, ஒருத்தர் டியூஷன் சென்டர் நடத்தறவர். தர மாட்டேன்னுட்டேன்.