தத்துக் குழந்தைக்குத் தாய்ப்பால்: வாடகை பம்ப் பேக்கேஜ் எடுக்கலாமா?

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். வாடகைக்கு எடுத்த பம்ப்புக்கு அஞ்சுக்கு நாலு. அதோடு சேர்த்து என் தலையில் கட்டிய 'பால் சுரப்பு பேக்கேஜ்' என்கிற சமாச்சாரத்துக்கு அஞ்சுக்கு ஒன்று, அதுவும் போனில் பேசிய பெண் பொறுமையாகப் பேசினாள் என்பதற்காக. எங்கள் வீட்டில் நிஜமாக வேலை பார்த்தது இவர்கள் பில்லிலேயே இல்லாத ஒரு பொருள், சர்ஜிகல் கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற ஃபீடிங் டியூப். அதற்கு அஞ்சுக்கு அஞ்சு.

கம்பெனி பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். இதே மாதிரி பேக்கேஜ் விற்பவர்கள் பல பேர் இருக்கிறார்கள், எல்லோருடைய விளம்பரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நாங்கள் கோயம்புத்தூர். காரா என்கிற மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு வழியாகத் தத்தெடுத்தோம், மகள். எனக்குக் கர்ப்பமே தரித்ததில்லை. பிள்ளை பெறாமல் பால் வருமா என்று என் சொந்த அண்ணியே வாயைப் பிளந்தாள், வரும் அண்ணி என்றேன். பாலைச் சுரக்கச் சொல்வது கர்ப்பப்பை இல்லை, மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி. காம்பைத் தூண்டத் தூண்ட அங்கிருந்து புரோலாக்டின் வரும், அது பாலை உண்டாக்கும்; ஆக்ஸிடோசின் என்கிற இன்னொன்று, உண்டான பாலை வெளியே தள்ளும். கர்ப்பம் செய்வது வேறு வேலை, அந்த ஒன்பது பத்து மாதத்தில் ஈஸ்ட்ரோஜெனும் புரொஜெஸ்டிரோனும் ஏறி பால் சுரப்பிகளை வளர்த்துத் தயாராக வைக்கும். அந்த வளர்ச்சி நடக்காத உடம்பிலும் பால் வரும், ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முழு வயிற்றுக்கும் போதாது. இந்தக் கடைசி வரியைப் பேக்கேஜ்காரர்கள் எங்கேயும் எழுதுவதில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

அவர்கள் எழுதியிருந்தது, '30 நாளில் முழுத் தாய்ப்பால்'. மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் வாடகை, டெபாசிட் தனி, பேக்கேஜ் தனி. பேக்கேஜில் ஒரு ஆலோசகரோடு வீடியோ கால், ஒரு டப்பா சதாவரி பவுடர், ஒரு சாப்பாட்டு சார்ட். சார்ட்டில் பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, சுறா புட்டு. இதைச் சொல்ல எனக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும், என் மாமியார் இதையெல்லாம் தத்து ஆர்டர் வருவதற்கு முன்னாடியே ஆரம்பித்துவிட்டார். "சுறா தின்னா சுரக்கும் கண்ணு" என்று வாரத்துக்கு இரண்டு தரம் செய்து போட்டார், ருசியாக இருந்தது, பாலுக்கு என்ன செய்தது என்றால் ஒன்றும் தெரியவில்லை. சாப்பிடுவதில் தப்பில்லை. வெந்தயத்தை மட்டும் பவுடராக, மாத்திரையாக அளவில்லாமல் போடாதீர்கள், ரத்தச் சர்க்கரையை இறக்கும், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சரி, பம்ப்புக்கு வருவோம், அது நல்ல பொருள். ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களே, அந்த ரகம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். ஆரம்பத்தில் குழந்தை பால் இறங்குவதற்காகப் படபடவென்று சப்புவது போல வேகமாக, லேசாக இழுக்கும், அப்புறம் நிதானமாக ஆழமாக இழுக்கும், இந்த மாற்றத்தை அதுவே செய்கிறது. பால் மோட்டார் பக்கம் போகாதபடி நடுவில் தடுப்பு இருக்கிறது, பல பேர் கை மாறுகிற வாடகை மெஷினில் இது இல்லாவிட்டால் எடுக்கவே கூடாது, கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குழாய், கிண்ணம், பாட்டில் எல்லாம் நமக்கென்று புதுசாக வாங்க வேண்டும், அதற்கும் தனி பில்.

மார்பில் வைக்கிற அந்தப் புனல் மாதிரியான பாகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அனுப்பியது 27 மில்லிமீட்டர், எனக்கு அது பெரிசு, காம்போடு சேர்த்துச் சுற்றியுள்ள கருவட்டம் முழுக்க உள்ளே இழுத்து வலி உயிர் போனது. 21 கேட்டேன், ஸ்டாக் இல்லை என்றார்கள், கடைசியில் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டேன். காம்பின் அடிப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் வைத்து அளந்து, அதைவிடக் கொஞ்சம் பெரிசாக வாங்க வேண்டும். வீடியோ காலில் வந்த ஆலோசகர் இதைக் கேட்கவே இல்லை, சார்ட்டைப் படித்துக் காட்டினார். வலிக்கிறது என்றதற்கு "போகப் போகப் பழகிடும் மேடம்" என்றார். வலி பழகக் கூடாது, வலித்தால் அளவு தப்பு, இல்லை இழுவையைக் கூட்டி வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். இழுவையைக் கூட்டினால் பால் கூடும் என்பது பொய், புண்தான் வரும்.

ஒரு நாளைக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும், அதில் ஒன்று விடியற்காலை இரண்டு மூன்று மணி வாக்கில், இரவில்தான் புரோலாக்டின் ஏறியிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் இதைப் படித்ததும் தலையில் கை வைப்பீர்கள், நானும் வைத்தேன். முதலில் வெறும் காற்று. அப்புறம் ஒரு நாள் நுனியில் பிசுபிசுவென்று ஒரு சொட்டு. சில வாரம் கழித்து பாட்டிலின் அடி நனைகிற அளவு. அதற்கு மேல் என் அதிகபட்சம் எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் அதை வைத்து நீங்கள் உங்களை அளப்பீர்கள், அது யாருக்கும் உதவாது.

மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். கனடாவில் ஜாக் நியூமன் என்கிற டாக்டரும், வாடகைத்தாய் மூலம் பிறந்த தன் குழந்தைக்குப் பால் கொடுத்த லெனோர் கோல்ட்ஃபார்பும் சேர்ந்து ஒரு முறை வகுத்திருக்கிறார்கள், இணையத்தில் எல்லோரும் அதைத்தான் சுற்றுகிறார்கள். கருத்தடை மாத்திரையை மாதக்கணக்கில் போட்டு உடம்பைக் கர்ப்பம் என்று நம்பவைப்பது, கூடவே டாம்பெரிடோன், குழந்தை வர ஆறு வாரம் போல இருக்கும்போது கருத்தடை மாத்திரையை நிறுத்திவிட்டு பம்ப்பை ஆரம்பிப்பது. வாடகைத்தாய் வழியில் தேதி தெரியும், அதனால் திட்டம் போடலாம். தத்தில் எங்கே தேதி? வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கிறோம், திடீரென்று ஒரு நாள் குழந்தையின் விவரம் வருகிறது, 48 மணி நேரத்துக்குள் சரி என்று ரிசர்வ் செய்ய வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் நேரில் பார்த்து ஏற்பது வரை எல்லாம் முடிய வேண்டும். ஆறு மாத முறையை எந்த மாதத்தில் தொடங்குவீர்கள்?

அந்த டாம்பெரிடோன் நம் ஊரில் வாந்திக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரை, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலேயே நீட்டுவார்கள், அதுதான் பயம். அது புரோலாக்டினை ஏற்றும், உண்மை. ஆனால் இதயத்துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடியது. அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதியே இல்லை, பால் சுரக்க வைக்கப் பயன்படுத்தாதீர்கள் என்று அவர்களுடைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004 இல் எச்சரித்தது. ஐரோப்பாவில் 2014 இல், வாந்திக்குக் கொடுத்தாலும் நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், ஒரு வாரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம் என்று சுருக்கிவிட்டார்கள். கனடாவில் அதே மருந்தைப் பால் சுரப்புக்கு எழுதிக் கொடுக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆக, டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. என் மகப்பேறு டாக்டர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று குடைந்தார், குறிப்பாகப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கிற ஃப்ளுகோனசோலை இதோடு சேர்த்துப் போடவே கூடாது என்றார். காம்பில் பூஞ்சை வந்தால் அதைத்தான் பல பேர் எழுதிக் கொடுப்பார்கள் என்பதால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரையும் அப்படித்தான், ரத்தம் உறையும் பிரச்சினை, மைக்ரேன், பிரஷர் இருந்தால் வேண்டாம் என்பார்கள். பேக்கேஜ்காரர்களோ வாட்ஸ்அப்பில் "டாம்பெரிடோன் ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா மேடம்" என்று கேட்டார்கள், ஈ.சி.ஜி. பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்காததற்கு முக்கியக் காரணம் இது.

இப்போது டியூப். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தத்தெடுப்பில், குழந்தை பிறந்த உடனே கைக்கு வராது. பெற்றவர்கள் ஒப்படைத்திருந்தால் அவர்கள் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு, அதற்கு மேல் காகித வேலை. எங்கள் மகள் வரும்போது அவளுக்குச் சில மாதங்கள் ஆகிவிட்டன, பாட்டிலுக்கு நன்றாகப் பழகியிருந்தாள். அப்படிப்பட்ட குழந்தையை வெறும் மார்பில் போட்டால் என்ன செய்யும், இரண்டு இழு இழுத்துப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்றதும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தும். டியூப்பின் வேலை இங்கேதான். ஒரு முனையை பவுடர் பால் கலந்த கிண்ணத்தில் போட்டு, மறு முனையைக் காம்பை ஒட்டி, நுனியிலிருந்து இம்மியளவு தாண்டுகிற மாதிரி மைக்ரோபோர் டேப்பால் ஒட்டிவிட்டால், குழந்தை மார்பைச் சப்பும்போதே கிண்ணத்துப் பாலும் வரும். அவளுக்கு வயிறு நிறைகிறது, எனக்குத் தூண்டுதல் கிடைக்கிறது, சுரக்கிற கொஞ்சமும் வீணாகாமல் அவளுக்கே போகிறது. பம்ப் செய்ய வேண்டிய வேலையை அவளே செய்கிறாள், மெஷினைவிட நன்றாகவே.

இதற்கென்றே கழுத்தில் தொங்கவிடும் பாட்டிலோடு வெளிநாட்டு செட் கிடைக்கிறது. அதை ஒரு தோழி கொடுத்தாள், அழகான பொருள், இரண்டு கையும் ஃப்ரீயாக இருக்கும், வெளியே போகும்போது வசதி. ஆனால் விலை யானை விலை, அந்த முடி போன்ற குழாயைக் கழுவுவதற்குள் பிராணன் போகிறது. சர்ஜிகல் கடையில் "குழந்தைக்குப் போடுற ஃபீடிங் டியூப், 5 சைஸ்" என்று கேளுங்கள், நுனி சாம்பல் நிறத்தில் இருக்கும், அரை மீட்டர் நீளம். கடைக்காரர் "ஏனுங்க, ஆஸ்பத்திரியில குழந்தைங்களா?" என்று பரிதாபமாகப் பார்ப்பார், இல்லைங்க என்று சொல்லிவிட்டு வாங்கி வாருங்கள். பச்சை நுனி 6, நீல நுனி 8, எண் ஏற ஏறப் பருமன், பருமனானது நமக்கு வேண்டாம், பால் கொட்டும்.

கிண்ணத்தின் உயரம்தான் சூட்சுமம். மார்பு மட்டத்துக்கு மேலே தூக்கினால் குழந்தை சப்பாமலேயே பால் தானாக வழியும், புரையேறும், உழைக்காமல் கிடைப்பதால் சப்பவும் மாட்டாள். கீழே இறக்கினால் இழுத்தால்தான் வரும். முதல் சில நாள் அவளைச் சமாதானப்படுத்தக் கொஞ்சம் உயரத்திலும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியும் வைத்தோம், வீட்டுக்காரர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பவுடர் கட்டி கட்டியாக இருந்தால் டியூப் அடைக்கும், கொதித்து ஆறிக்கொண்டிருக்கிற, இன்னும் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கினால் நன்றாகக் கரையும், கிருமிக்கும் அதுதான் நல்லது, அப்புறம் ஆறவைத்துக் கொடுங்கள். முடிந்ததும் உடனே சிரிஞ்சால் சுடுதண்ணீரை உள்ளே அடித்துக் கழுவ வேண்டும், பத்து நிமிஷம் விட்டால் உள்ளே காய்ந்து பிடித்துக்கொள்ளும். அது ஒரே தடவைக்கான பொருள் என்று கவர் மேலேயே போட்டிருக்கிறது, விலை மலிவுதானே, அடிக்கடி மாற்றுங்கள்.

பசி உச்சத்தில் இருக்கும்போது முயற்சி செய்யாதீர்கள், அரைத் தூக்கத்தில் இருக்கும்போது எளிதாகப் பிடிப்பார்கள். சட்டையில்லாமல் மார்பில் போட்டுக்கொண்டு சும்மா படுத்திருங்கள். பிடிக்காத நாளில் பாட்டிலுக்குப் போகாமல் பாலாடையில் கொடுத்தோம், மாமியார் அதில் கில்லாடி, ஒரு சொட்டு சிந்தாது. சில குழந்தைகள் கடைசி வரை மார்பை ஏற்காது, அது யாருடைய குற்றமும் இல்லை.

இன்னொன்று. பவுடர் பாலை நீங்களாகக் குறைக்காதீர்கள். 'நம்பிக்கையோடு பவுடரைப் பாதியாக்குங்கள்' என்று பேக்கேஜில் ஒரு மெசேஜ் வந்தது, குழந்தையின் எடை என்ன என்றுகூடக் கேட்காமல். எங்கள் குழந்தை டாக்டர் எடை பார்த்து, நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போகிறாளா என்று விசாரித்து, அதற்கப்புறம்தான் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். முழுதாக நிறுத்தவே இல்லை, நிறுத்த வேண்டிய அவசியமும் வரவில்லை.

யாருக்கு எது? குழந்தை வரும் தேதி தெரிந்து, கையில் இரண்டு மூன்று மாதம் இருந்தால் பம்ப்பை மட்டும் வாடகைக்கு எடுங்கள், பேக்கேஜ் வேண்டாம் என்று அடித்துச் சொல்லுங்கள், தனியாகத் தர மாட்டோம் என்பார்கள், கொஞ்சம் பேசினால் தருவார்கள். குழந்தை ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டால் முதலில் டியூப்பை வாங்கிப் பாருங்கள், பம்ப் அப்புறம். மிச்சக் காசை நேரில் வந்து குழந்தை பிடிக்கிற விதத்தைப் பார்க்கும் ஒரு நல்ல தாய்ப்பால் ஆலோசகருக்குக் கொடுங்கள். ஐ.பி.சி.எல்.சி. என்கிற, தாய்ப்பால் ஆலோசகர்களுக்கான சர்வதேசச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். எவ்வளவு பால் வரும் என்று அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், இத்தனை நாளில் இத்தனை மில்லி என்று கணக்குச் சொன்னால் அடுத்த ஆளைத் தேடுங்கள்.

டெபாசிட்டில் 500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள், மெஷின் மேல் கீறலாம். எடுக்கும்போதே எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தேன், அதைக் காட்டியதும் மறுநாள் ஜிபேயில் வந்துவிட்டது. நீங்களும் எடுத்து வையுங்கள்.