திருகோணமலையில் விழித்திரைப் படப் பரிசோதனை: ஒரு மதிப்பீடு

நீரிழிவு நோயாளியான என் தாயாரின் இடக்கண் பார்வை மங்கியதால், திருகோணமலை நகரிலுள்ள ஒரு தனியார் கண் பரிசோதனை நிலையத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கு விற்கும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களில் சொல்லும்படி எதுவுமில்லை. ஓசிடி எனப்படும் விழித்திரைப் படத்துக்காகப் போகலாம்.

நாடியைத் தாங்கியில் வைத்து, கருவிக்குள் தெரியும் புள்ளியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தால் போதும். விழித்திரையின் படைகள் குறுக்குவெட்டாகப் பதிவாகிவிடுகின்றன. அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், மருத்துவர் படத்தைத் திரையிலேயே காட்டி விளக்கியதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வலக்கண் படத்தின் நடுவில் மெல்லிய பள்ளம் ஒன்று தெரிந்தது. வாசிப்பதும் முகங்களை இனங்காண்பதும் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் அகலமேயுள்ள அந்த மையக்குழியின் வேலை. அதன் நட்டநடுவில், ஒளியையும் நிறத்தையும் உணரும் கூம்புக் கலங்கள் சதுர மில்லிமீற்றருக்குச் சராசரியாக 2 இலட்சம் வரை நெருங்கியிருக்கின்றன. ஒளியை மறிக்காதபடி மற்றைய நரம்புக் கலங்கள் ஓரத்துக்கு விலகியிருப்பதால்தான் அவ்விடம் பள்ளமாகிறது, குருதிக் குழாய்களும் அங்கு இல்லை. விழித்திரையின் விளிம்பில் பல கலங்களின் செய்திகள் ஒரே நரம்பிழையில் கலந்துபோக, இங்கோ ஒவ்வொரு கூம்புக்கும் தனிவழி இருப்பதால் ஊசிக்காதையும் பிரித்தறிய முடிகிறது.

இடக்கண் படத்தில் அந்தப் பள்ளம் நீர்க்கசிவால் தூர்ந்து மேடாகியிருந்தது. வலக்கண்ணை மூடச் செய்து கட்டம் போட்ட தாளொன்றை மருத்துவர் நீட்டியபோது, “நடுவில கோடெல்லாம் வளைஞ்சு கிடக்கு டொக்டர்” என்றார் அம்மா. படமும் அவர் சொன்னதும் அவ்வளவு துல்லியமாகப் பொருந்தின.

குறைகளும் உண்டு. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இடுவார்கள் என்பதை முன்பதிவின்போது எவரும் சொல்லவில்லை. நண்பகல் வெயிலில் கண் கூசியதால், அம்மா உப்புவெளி வரை சேலைத் தலைப்பால் முகத்தை மூடியபடியே முச்சக்கரவண்டியில் வந்தார். அறிக்கையும் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறது. மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வருபவர்கள் துணைக்கு ஒருவரையும் கறுப்புக்கண்ணாடியையும் கொண்டுவருவது நல்லது. மோட்டார் சைக்கிளைத் தாமே ஓட்டிவர வேண்டாம். படத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்: சிகிச்சைக்குப் பின் வீக்கம் வற்றியதா என்பதை அடுத்த படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள், கேட்காவிட்டால் அவர்களாகத் தருவதில்லை.